டவர் ஃபுல்லா காட்டுது, நெட்டு சுத்துது: ரெண்டு ஆன்டெனா செட்டப்புல கோளாறு எங்கன்னு கண்டுபுடிக்கறது

தோட்டத்து ஊட்டுல சிம் போடற 4ஜி ரவுட்டரு, மொட்டமாடில ஒரு ஜிஐ பைப்பு, அதுல ரெண்டு ஆன்டெனா. இல்லீன்னா ஊட்டுக்கும் தறி குடோனுக்கும் நடுவுல ரெண்டு டிஷ்ஷ நேருக்கு நேரா வெச்ச 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க். அதுவும் இல்லீன்னா சும்மா நாலு கொம்பு வெச்ச வைஃபை ரவுட்டரு. பல்லடம், காங்கயம், பொள்ளாச்சி பக்கம் போனா இந்த மூணுல ஏதோ ஒண்ணு ஊட்டுக்கு ஊடு இருக்குது. நல்லா ஓடுற வரைக்கும் யாரும் அத திரும்பிக் கூட பாக்கறதில்ல, படுத்துக்கிச்சுன்னா கடைக்காரரு ஒரே பதில்தான் வெச்சிருப்பாரு, "இன்னொரு ஆன்டெனா சேத்திப் போட்டுக்கோங்க". இருக்கற ரெண்டுல ஒண்ணு செத்துக் கெடக்கறது தெரியாம மூணாவது எதுக்குங்க? ஆன்டெனா எத்தனன்னு எண்ணறத உட்டுட்டு, அதுல எத்தன நெசமாவே வேல செய்யுதுன்னு பாக்கோணும். கீழ எழுதிருக்கற எல்லாமே அத கண்டுபுடிக்கற வழிதான், உங்க அறிகுறி எதுவோ அங்க நேரா போயிக்கோங்க, ஆனா அடுத்த பகுதிய மட்டும் படிச்சுட்டு போங்க.

மொதல்ல ரவுட்டர் பேஜ தொறங்க

போன்ல காட்டற கோட்ட நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க, ஒவ்வொரு கம்பெனி போனும் அத ஒவ்வொரு கணக்குல வரையுது. ரவுட்டருக்கு அடில ஸ்டிக்கர்ல அட்ரஸும் பாஸ்வேர்டும் இருக்கும், பிரவுசர்ல போட்டு உள்ள போனீங்கன்னா சிக்னல், ஸ்டேட்டஸ், டிவைஸ் இன்ஃபோ இப்பிடி ஏதோ ஒரு பேருல ஒரு பக்கம் இருக்கும். அதுல ஆர்எஸ்ஆர்பி-ன்னு மைனஸ்ல ஒரு நம்பர், அது டவரோட சத்தம் எவ்வளவு கேக்குதுங்கறது. மைனஸ் 80 பக்கத்துல இருந்தா அமோகம், மைனஸ் 95 வரைக்கும் பரவால்ல, மைனஸ் 110-அ தாண்டிருச்சுன்னா டவர் ரொம்ப தூரம் இல்ல நடுவுல ஏதோ மறைக்குது. இன்னொன்னு எஸ்ஐஎன்ஆர், அது அந்த சத்தம் எவ்வளவு தெளிவா கேக்குதுங்கறது, 20-க்கு மேல இருந்தா ராஜா, 10-க்கு மேல இருந்தா ஓட்டிக்கலாம், 0-க்கு கீழ போயிருச்சுன்னா டவர் ஃபுல்லா காட்டினாலும் வாட்ஸப் போட்டோவே சுத்தும். கூடவே எந்த பேண்டுல, அதாவது எந்த அலைவரிசைல, நிக்குதுன்னும் குறிச்சுக்கோங்க. ரெண்டு டிஷ் வெச்ச லிங்க்கா இருந்தா அதுக்குள்ள இருக்கற ரெண்டு ஆன்டெனாவுக்கும் செயின் 0, செயின் 1-ன்னு ரெண்டு நம்பர் தனித்தனியா வரும், அது நெம்ப முக்கியம்.

இதெல்லாம் டிபி, அதாவது டெசிபல் கணக்கு. 3 டிபி ஏறுனா பவரு ரெண்டு மடங்கு, 10 டிபி ஏறுனா பத்து மடங்கு, அதனால மைனஸ் 98 மைனஸ் 95 ஆச்சுன்னா "மூணுதானே ஏறிருக்குது"ன்னு எளக்காரமா நெனைக்காதீங்க.

டவரும் நல்லா இருக்குது, தெளிவும் நல்லா இருக்குது, ஸ்பீடு மட்டும் பாதில நிக்குது

நெம்ப பேருக்கு இருக்கற வியாதி இதுதான். மேல ஏறிப் பாத்தீங்கன்னா ரெண்டு ஆன்டெனாவும் ஒரே பைப்புல, ஒரே மாதிரி நட்டமா, பக்கத்து பக்கத்துல அழகா நிக்கும். அந்த அழகுதான் கோளாறு.

டவர்காரன் ஒரே அலைவரிசைல, ஒரே நேரத்துல ரெண்டு வேற வேற டேட்டாவ அனுப்பறான். உங்க ரெண்டு ஆன்டெனாவுக்கும் அந்த ரெண்டும் கலந்துதான் வந்து சேருது, ஆனா ஒவ்வொண்ணுலயும் கலப்பு வேற வேற மாதிரி இருந்தா ரவுட்டர் கணக்குப் போட்டு ரெண்டையும் பிரிச்சிருது. பள்ளிக்கூடத்துல எக்ஸ், ஒய் கண்டுபுடிக்க ரெண்டு சமன்பாடு குடுப்பாங்கல்ல, அதே கணக்குதானுங்க, ரெண்டு சமன்பாடும் ஒண்ணேவா இருந்தா எந்த வாத்தியாராலயும் விடை கொண்டார முடியாது. ரெண்டு ஆன்டெனாவும் ஒரே கலப்ப கேட்டுச்சுன்னா ரவுட்டரும் கைய விரிச்சுரும், டவரு உடனே "சரி இவனுக்கு ஒண்ணு மட்டும் அனுப்பலாம்"னு எறங்கிரும், ஸ்பீடு பாதி.

டவுனுக்குள்ள இந்த தொந்தரவு கம்மி. கோயம்புத்தூர் காந்திபுரத்துல செவுத்துல பட்டு, கண்ணாடில பட்டு, பஸ்ஸுல பட்டு, பத்து வழில சிக்னல் வரும், அதனால ரெண்டு ஆன்டெனாவுக்கும் தானாவே வேற வேற கலப்பு கெடைச்சிருது. காங்கயம், தாராபுரம் பக்கம் மேய்ச்சக்காடு, கிளுவ வேலி, அங்கொண்ணு இங்கொண்ணா வெள்ளவேல மரம், பட்டுத் திரும்பறதுக்கு ஒண்ணுமே இல்ல, டவர்ல இருந்து நேரா ஒரே கோடா வருது. அந்த மாதிரி வெட்டவெளில ஆன்டெனாவ சாய்ச்சு வெக்கறது ஒண்ணுதான் வழி.

டவர் மேல இருக்கற அந்த நீளப் பெட்டிக்குள்ள ஆன்டெனாக்கள் இடதுபக்கம் 45 டிகிரி, வலதுபக்கம் 45 டிகிரின்னு பெருக்கல் குறி மாதிரி சாஞ்சுதான் இருக்குது. நீங்களும் அப்பிடியே வெக்கோணும். ஒண்ண இடதுபக்கம் 45 சாய்ங்க, இன்னொண்ண வலதுபக்கம் 45, ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழமாவது எடம் உடுங்க, ரெண்டு மூக்கும் ஒரே டவரப் பாக்கட்டும். ஒரே டப்பாக்குள்ள ரெண்டு கேபிள் வர்ற பேனல் ஆன்டெனாவா இருந்தா இந்த வேல மிச்சம், உள்ளயே சாய்ச்சுதான் வெச்சிருப்பாங்க.

திருப்பற முறை இருக்குது பாருங்க, அதுலதான் எல்லாரும் அவசரப்படறாங்க. மேல ஒருத்தரு ஸ்பானரோட, கீழ ஒருத்தரு ரவுட்டர் பேஜோட. க்ளாம்ப ஆன்டெனா திரும்பற அளவுக்கு மட்டும் தளத்திக்கோங்க, முழுசா கழட்டாதீங்க. அஞ்சாறு டிகிரி திருப்பி, கைய எடுத்துட்டு, அரை நிமிசம் நில்லுங்க, ரவுட்டரு நம்பர மெதுவாத்தான் மாத்தும், நீங்க சுத்திட்டே இருந்தா கீழ இருக்கறவரு படிக்கறது நீங்க தாண்டி வந்த எடத்தோட நம்பரா இருக்கும். "ஒம்போது... பதினொண்ணு... பதினாலு... பதினாலு... பத்து", இப்ப திரும்பி பதினாலுக்கு வந்து நில்லுங்க. கீழ இருக்கறவரு படிக்க வேண்டியது எஸ்ஐஎன்ஆர, ஆர்எஸ்ஆர்பிய இல்ல. ஆர்எஸ்ஆர்பிய மட்டும் பாத்து திருப்புனா ரெண்டு டவருக்கு நடுவுல, ரெண்டும் பலமா, ரெண்டும் ஒண்ண ஒண்ணு கெடுத்துக்கற எடத்துல கொண்டுபோய் முறுக்கிருவீங்க.

டவர் எந்தப் பக்கம்னே தெரியலீன்னா மத்திய அரசோட தரங் சஞ்சார் தளத்துல மேப் இருக்குது, உங்க ஊரச் சுத்தி எங்கெங்க நிக்குதுன்னு காட்டும். பக்கத்து டவருதான் நல்ல டவருன்னு சத்தியம் பண்ண முடியாது, மேக்கால ஒரு கிலோமீட்டர்ல ஒண்ணு இருந்து நடுவுல கரடு மறைச்சுதுன்னா கெழக்கால மூணு கிலோமீட்டர்ல நேரா தெரியறதே மேலு.

இந்த ரெண்டு டேட்டாவ ஒரே அலைவரிசைல அனுப்பிப் பிரிக்கற யோசனைக்கு, அதான் மைமோன்னு சொல்றது, காப்புரிம வாங்குனவரு ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944-ல பொறந்தது நம்ம பொள்ளாச்சிலதானுங்க. இந்தியக் கடற்படைல இருந்தவரு, தண்ணிக்குள்ள சத்தத்த வெச்சு கப்பல் கண்டுபுடிக்கற சோனார் செஞ்சவரு, அதுவும் பல காதுல ஒரு சத்தத்த கேட்டு எங்கிருந்து வருதுன்னு பிரிக்கற வேலதான். அப்பறம் ஸ்டான்ஃபோர்டு போயி, அங்கத்த பேராசிரியரு தாமஸ் கைலத் கூட சேந்து 1994-ல அமெரிக்கக் காப்புரிம. 2010-ல பத்மபூஷண், 2014-ல மார்க்கோனி பரிசு. பொள்ளாச்சி சந்தைல இளநி விக்கறவரு கைல இருக்கற போன்ல கூட அந்த சமாச்சாரம் ஓடுது, ஊருக்குள்ள பாதிப்பேருக்கு தெரியாது.

ஒரு விசயம், எஸ்ஐஎன்ஆர் 10-க்கு கீழ கெடந்தா எப்பிடி சாய்ச்சாலும் ஸ்பீடு ரெண்டு மடங்கு ஆகாது. அந்த நெலமைல டவரு ஒரே டேட்டாவதான் ரெண்டு பக்கமும் அனுப்பும், ஒண்ணுல உட்டது இன்னொண்ணுல கெடைக்கட்டும்னு. அப்ப ரெண்டாவது ஆன்டெனா ஸ்பீடுக்கு இல்ல, கட் ஆகாம நிக்கறதுக்கு. அதுவும் லாபந்தான், ஆனா மொதல்ல தெளிவ ஏத்தற வேலயப் பாருங்க, ஒசரத்த கூட்டறது, திச மாத்தறது, பேண்டு மாத்தறது.

யூட்யூப் ஓடுது, ஆனா இ-வே பில் ஏற மாட்டீங்குது

எறங்கறது நல்லா எறங்குது, ஏத்தறது சுத்தமா ஏறல. வீடியோ கால்ல அவங்க நமக்கு தெரியறாங்க, நம்ம மூஞ்சி அவங்களுக்கு ஒறஞ்சு நிக்குது. கோழிப்பண்ணைல சிசிடிவி போட்டுட்டு திருப்பூர்ல இருந்து போன்ல பாக்கறவங்களுக்கு இது நல்லா தெரிஞ்ச கத.

காரணம் சுலபம், ஆனா யாரும் சொல்றதில்ல. 4ஜி ரவுட்டர்ல ரெண்டு ஆன்டெனாவும் கேக்கும், பேசறது பெரும்பாலும் ஒண்ணு மட்டுந்தான். அந்த போர்ட்டுக்கு பக்கத்துல மெயின்னோ 1-ன்னோ போட்டிருக்கும், இன்னொண்ணு ஆக்ஸ், டைவர்சிட்டி, இல்ல 2. மெயின் பக்கத்து கேபிளோ கனெக்டரோ போயிருச்சுன்னா இன்னொரு காது கேட்டுட்டே இருக்கறதால டவுன்லோடு தள்ளாடியாவது ஓடும், அப்லோடு மட்டும் படுத்துக்கும்.

சோதிக்கறதுக்கு காசு செலவே இல்ல. ரவுட்டர ஆஃப் பண்ணிட்டு ரெண்டு கேபிளையும் போர்ட்டு மாத்தி மாட்டி ஆன் பண்ணுங்க. அப்லோடு உயிர் வந்து டவுன்லோடு அப்பிடியே நொண்டுச்சுன்னா முன்ன மெயின்ல இருந்த கேபிள், இல்ல அதோட ஆன்டெனா கெட்டுப்போச்சு. மாத்தியும் அப்லோடு எறங்கியே கெடந்தா ரவுட்டரோட போர்ட்டு சந்தேகம், கேபிள கழட்டி ஓரமா வெச்சுட்டு ரவுட்டரோட வந்த குட்டிக் கொம்ப மாட்டிப் பாருங்க. இத செய்யாம ஆன்டெனாவ மாத்தறதுக்கு ஏணிய தூக்கிட்டு ஓடாதீங்க.

இதுக்கு நேரெதிரா, அப்லோடு கில்லி மாதிரி இருந்து டவுன்லோடு எப்பவும் பாதில நின்னுச்சுன்னா ஆக்ஸ் பக்கம் செத்திருக்குது. இது வருசக்கணக்குல தெரியாமயே ஓடும், ஏன்னா நெட்டு "வருது"ல்ல.

ஆன்டெனா மாட்டுனதுக்கு அப்பறம் முன்னைய விட மோசம்

இதுக்கு நாலு காரணந்தான், இந்த வரிசைல பாருங்க.

கேபிள். ஆர்ஜி 58-ன்னு ஒல்லியா கருப்பா வர்றது 2.3 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல மீட்டருக்கு கிட்டத்தட்ட 1 டிபி தின்னுரும். மொட்டமாடில இருந்து ஆசாரத்துக்கு 10 மீட்டர் இழுத்தீங்கன்னா 10 டிபி போச்சு, ஆன்டெனா சம்பாரிச்சது பூராவும் கேபிளுக்கே காணிக்க. எல்எம்ஆர் 400 மாதிரி தடிமனான கேபிள்ல அதே 10 மீட்டருக்கு ரெண்டு டிபி சில்லறதான் போகும், ஆனா வெல அதிகம், வளைக்கறதுக்குள்ள கை வலிச்சுரும். என்னையக் கேட்டா ரவுட்டரையே மேல தூக்கிட்டுப் போங்கன்னுதான் சொல்லுவேன். வெளிய வெக்கற மாதிரியே ரவுட்டரு வருது, ஆன்டெனா உள்ளயே இருக்கும், கீழ வரைக்கும் லேன் கேபிள் ஒண்ணு, கரண்டும் அதுலயே ஏறிரும். லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் போகலாம், சிக்னல் தேயற பேச்சே இல்ல.

கனெக்டர். எஸ்எம்ஏ-ன்னு ஒண்ணு, ஆர்பி எஸ்எம்ஏ-ன்னு ஒண்ணு, மரை ஒண்ணே, திருகுனா ஜம்முனு ஏறும். 4ஜி போர்ட்டுல பெரும்பாலும் மொத ரகம், வைஃபை கொம்புல ரெண்டாவது ரகம். மாத்தி மாட்டுனீங்கன்னா நடுவுல ஊசி இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு பக்கமும் ஓட்டையா இருக்கும், வெளிய கச்சிதமா முறுக்கி நிக்கும், உள்ள ஒண்ணையொண்ணு தொடவே தொடாது. சில நேரம் ரெண்டு பக்கமும் ஊசியா இருந்து முட்டி மடங்கிரும். திருகறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் ஓட்ட, அப்பிடித்தான் இருக்கோணும்.

செட்டிங். சில ரவுட்டர்ல ஆன்டெனா இன்டர்னலா எக்ஸ்டர்னலான்னு ஒரு ஆப்ஷன் உள்ள ஒளிஞ்சிருக்கும், ஆட்டோல உட்டா வெளிய மாட்டுனதையே அது கண்டுக்காது. எக்ஸ்டர்னல் போட்டு ரெண்டு கேபிளும் மாட்டிருக்கோணும், ஒண்ணு மட்டும் மாட்டிட்டு இன்னொண்ணு காலியா உட்டா ஒத்தக் காதுலதான் ஓடும்.

பேண்டு. ஆன்டெனா அட்டைல எந்த மெகாஹெர்ட்ஸ்ல இருந்து எந்த மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்னு போட்டிருக்கும். 900-க்குன்னு செஞ்ச யாகி ஆன்டெனாவ 2300-ல கேக்கச் சொன்னா கேக்காது. 5ஜி ரவுட்டர் வாங்குனவங்க இதுல நெம்ப பேரு மாட்டிக்கறாங்க, பழைய 4ஜி ஆன்டெனா பெரும்பாலும் 2700-ஓட நின்னுரும், நம்ம நாட்டுல 5ஜி-யோட முக்கியமான பேண்டு 3300-ல இருந்து ஆரம்பிக்குது. மாட்டுன நிமிசத்துல 5ஜி போயி 4ஜி-ன்னு காட்டுச்சுன்னா வேற எங்கயும் தேட வேண்டாம்.

மழ பேஞ்சா போகுது, பேஞ்சு முடிஞ்சும் ரெண்டு நாளு வர்றதில்ல

மழ நேரத்துல மட்டும் கொஞ்சம் எறங்கி, நின்னதும் ஏறுச்சுன்னா உடுங்க, நடுவுல இருக்கற மரத்து எல நனஞ்சிருக்கும். மழத்துளியே 5 கிகாஹெர்ட்ஸ பெருசா ஒண்ணும் பண்ணாது, கொட்டற மழைலயும் கிலோமீட்டருக்கு 1 டிபி கூட போகாது. மழ நின்னும் வரலீன்னா தண்ணி உங்க கனெக்டருக்குள்ள இருக்குது.

லிங்க் டிஷ்ஷா இருந்தா பேஜ தொறந்து செயின் நம்பரப் பாருங்க. செயின் 0 மைனஸ் 54, செயின் 1 மைனஸ் 57-ன்னா ரெண்டும் உயிரோட இருக்குது. செயின் 0 மைனஸ் 54, செயின் 1 மைனஸ் 76-ன்னா அந்த ரெண்டாவது கேபிள் வழியாத்தான் தண்ணி எறங்கிருக்குது. இந்த டிஷ்ஷுக்குள்ள ஒண்ணு நட்டமா, ஒண்ணு படுத்தாப்புல ரெண்டு ஆன்டெனா இருக்குது, ரெண்டும் மூணு நாலு டிபி வித்தியாசத்துக்குள்ள நிக்கோணும், பத்துக்கு மேல போச்சுன்னா திசைய திருப்பி சரி பண்ண முடியாது, ஏன்னா திச தப்புன்னா ரெண்டும் சேந்துதான் எறங்கும்.

அந்தப் பக்கத்து கனெக்டர கழட்டுனீங்கன்னா என்ன இருக்கும்னு இப்பவே சொல்றேன். மேல சுத்திருக்கற இன்சுலேஷன் டேப்பு வெயில்ல பசை கழண்டு ஒரு முனை தொங்கிட்டு இருக்கும், உரிச்சா கைல கருப்பா ஒட்டும். நட்ட திருகுனதும் மரை வழியா ஒரு சொட்டுத் தண்ணி வரும். உள்ள நடு ஊசியச் சுத்தி வெள்ள பிளாஸ்டிக்குல பச்ச நெறத்துல பூத்திருக்கும். துடைச்சுட்டு திருப்பி மாட்டலாம்னு நெனைக்காதீங்க, பின்னல் கம்பி வழியா தண்ணி கேபிளுக்குள்ள ஒரு அடி ரெண்டு அடி ஏறிருக்கும், வெளிய தோல கீறிப் பாத்தா பின்னல் கறுத்துப் போயிருக்கும். பின்னல் பளபளன்னு தெரியற எடம் வரைக்கும் வெட்டி எறிஞ்சுட்டு புதுசா கனெக்டர் போடுங்க.

மூடறப்ப மொதல்ல தன்னோட தானே ஒட்டிக்கற ரப்பர் டேப்ப நல்லா இழுத்து கீழ இருந்து மேல சுத்துங்க, ஓடு வேயற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வரோணும். அதுக்கு மேல சாதா இன்சுலேஷன் டேப்பு வெயிலுக்காக. கனெக்டருக்கு கீழ கேபிள ஒரு வளையமா தொங்க உட்டு மேல ஏத்துங்க, தண்ணி அந்த வளையத்தோட அடில சொட்டிரும். எம்-சீல் போட்டு அப்பறவங்களும் இருக்கறாங்க, தண்ணி நிக்கும், அடுத்த தடவ கழட்டறதுக்கு சுத்தியல் வேணும்.

இத ஐப்பசி மழைக்கு முன்னாடி செஞ்சு வெச்சுட்டீங்கன்னா மழைல நனஞ்சுட்டு ஏணி ஏற வேண்டியதில்ல.

ஆடிக்காத்துல ஏறுது எறங்குது

பாலக்காட்டு கணவா வழியா வைகாசி கடைசில ஆரம்பிக்கற காத்து ஆவணி வரைக்கும் அடங்காது, உடுமல பக்கம் காத்தாலைக்காரங்களுக்கு அது வருமானம், நமக்கு தொந்தரவு. இதுல ரெண்டு வகை இருக்குது, நம்பர பாத்தாலே பிரிச்சிரலாம்.

நம்பரு நிமிசத்துக்கு நிமிசம் ஆடிட்டே இருந்தா நடுவுல தென்னமட்டை ஆடுது. காத்து பலமா ஒரு அடி அடிச்ச அன்னைக்கு எறங்கி அப்பிடியே நின்னுருச்சுன்னா உங்க டிஷ்ஷு திரும்பிருச்சு, க்ளாம்ப் வழுக்கிருச்சு. ரெண்டாவதுக்கு வைத்தியம் சுலபம், ஒரு க்ளாம்புக்கு ரெண்டு க்ளாம்ப், பைப்பு நெட்டையா இருந்தா மூணு பக்கம் இழுவக்கம்பி, சரியா நின்ன பிறகு பைப்புலயும் க்ளாம்புலயும் சேத்து பெயின்ட்ல ஒரு கோடு போட்டு உடுங்க, அடுத்த தடவ திரும்புனா கீழ இருந்தே தெரிஞ்சுரும்.

மட்டை சமாச்சாரம் அப்பிடியில்ல. "எனக்கு அந்த டிஷ்ஷு கண்ணுக்கு தெரியுதுங்களே, அப்பறம் என்ன"ம்பாங்க. கண்ணுக்கு தெரிஞ்சா பத்தாதுங்க. ரெண்டு டிஷ்ஷுக்கும் நடுவுல சிக்னல் ஒரு கோடா போறதில்ல, நடுவுல வயிறு பெருத்து போகுது. 5.8 கிகாஹெர்ட்ஸ்ல 1 கிலோமீட்டர் தூரத்துக்கு நட்டநடுவுல அந்த வயிறு கோட்டுல இருந்து நாலாப்பக்கமும் 3.6 மீட்டர், 2 கிலோமீட்டருக்கு 5 மீட்டர். அதுல அறுபது சதமாவது காலியா இருக்கோணும். தோப்புக்கு மேல ஒரு முழம் தாண்டி போற லிங்க் சித்திரைல நல்லாத்தான் ஓடும், ஆடில மட்டை அந்த வயித்துக்குள்ள கைய நீட்டி நீட்டி எடுக்கும். தென்னையும் வருசா வருசம் வளருது, வெச்சப்ப சரியா இருந்த லிங்க் இப்ப சரியில்லீன்னா டிஷ்ஷு மேல பழி போடாதீங்க. ஒசரத்த ஏத்தோணும், இல்ல மோட்டார் ரூம் மேலயோ வேற எங்கயோ ஒண்ணு நிறுத்தி மடக்கிக் கொண்டு போகோணும். பவர ஏத்தி சரி பண்ணலாம்னு பாக்கறது வீண்.

நாலு கொம்பு வைஃபை, மாடில வரல

கொம்பு எண்ணிக்கைய பாத்து வாங்காதீங்க. நாலு கொம்புல ரெண்டு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு, ரெண்டு 5 கிகாஹெர்ட்ஸுக்குன்னு இருக்கறதுதான் சகஜம், ஆக ஒரு நேரத்துக்கு ஒரு போனுக்கு ரெண்டுதான். போன் வெல கம்மியா இருந்தா அதுல ஒரே ஆன்டெனா, ரவுட்டர்ல எட்டு இருந்தும் அந்த போனுக்கு ஒத்த வழிதான்.

எத்தன வழி ஓடுதுன்னு போன்லயே தெரியும். வைஃபை செட்டிங்ல கனெக்ட் ஆயிருக்கற பேர அமுக்குனா லிங்க் ஸ்பீடு காட்டும், ரவுட்டருக்கு பக்கத்துல நின்னு பாருங்க. பழைய 2.4 ரகத்துல 72-ன்னா ஒண்ணு, 144-ன்னா ரெண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை 5-ல 433-ன்னா ஒண்ணு, 866-ன்னா ரெண்டு. வைஃபை 6-ல 600, 1201. ரெண்டு காட்டற போன் ஒண்ணு ஊட்டுல இருந்து, அதே திடீர்னு பாதிக்கு எறங்கி ஏறவே மாட்டீங்குதுன்னா ரவுட்டர் கொம்புல ஒண்ணு கழண்டிருக்குது, குழந்தைங்க திருகி வெளையாடி உள்ள வயரு அறுந்ததா இருக்கும்.

மாடிக்கு வராததுக்கு காரணம் கொம்போட நிலை. நட்டமா நிக்கற கொம்பு சுத்துவட்டாரத்துல பரப்பும், நேர் மேலயும் நேர் கீழயும் கம்மி. எல்லாத்தையும் நட்டமா வெச்சீங்கன்னா ஆசாரத்துல பறக்கும், மேல அறைல நொண்டும். ஒவ்வொரு பேண்டுலயும் ஒண்ண நட்டமா, ஒண்ண படுக்க வெச்சுப் பாருங்க. போன நாம எப்பிடி வேணாலும் புடிக்கறோம், அதுக்கும் இது ஒத்துப்போகும். டிவிக்கு பின்னாடி, பீரோ மேல, இரும்பு ராக்குக்குள்ள வெச்சிருந்தா மொதல்ல அங்கிருந்து எடுங்க.

ரவுட்டர்ல யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் சொருகிருக்கீங்களா? அந்த யூஎஸ்பி 3 தன்னோட இரைச்சல 2.4 கிகாஹெர்ட்ஸ்ல கக்கும், டிஸ்க்க கழட்டுனதும் மாடில வைஃபை எட்டிப் பாக்கறத பாத்திருக்கேன். திருப்பூர் மாதிரி செவுத்துக்கு செவுரு ஊடு இருக்கற எடத்துல 2.4-அ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துலயே வெச்சு, சேனல் 1, 6, 11 மூணுல எது காலியோ அதுல நிறுத்துங்க, 40 போட்டா அக்கம்பக்கத்து இரைச்சலையும் சேத்து வாங்கிக்கறீங்க.

தகரக் கூரை குடோன்

சோமனூர் பக்கத்து தறி குடோன், பண்ண ஷெட்டு, எல்லாம் மேல தகரம். தகரத்துக்கு வெளிய இருந்து உள்ள சிக்னல் பெருசா வராது, அதுக்கு ஆன்டெனா எத்தன இருந்தாலும் ஒண்ணுதான். ஆனா உள்ளயே ஒரு வைஃபை வெச்சீங்கன்னா கூரைல, தறில, பீம்ல பட்டுப் பட்டு வர்றதால ரெண்டு ஆன்டெனா நல்லாவே பிரிச்சு வேல செய்யும். அதனால லிங்க் டிஷ்ஷ வெளிய வெச்சு, லேன் கேபிள் மட்டும் ஓட்ட வழியா உள்ள போகட்டும். தறிக்கு பக்கத்துல வெக்காதீங்க, பஞ்சுத் தூசி ஏறி ரவுட்டர் சூடாயிரும்.

சாங்காலம் ஆனா மட்டும் ஸ்லோ

காத்தால அஞ்சு மணிக்கு டெஸ்ட் பண்ணுங்க, ராத்திரி ஒம்போதுக்கு டெஸ்ட் பண்ணுங்க. ஆர்எஸ்ஆர்பி அதே, ஸ்பீடு மட்டும் பத்துல ஒண்ணுன்னா டவர்ல கூட்டம். எந்த ஆன்டெனாவும் இத தீக்காது. ரவுட்டர்ல ஒரே பேண்டுல நிறுத்தி வெக்கற பேண்டு லாக் இருந்தா ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க, 1800-ல கூட்டமா இருக்கறப்ப 2300 காலியா கெடக்கலாம். அதுக்கும் மசியலீன்னா சிம்ம மாத்துங்க.

பூஸ்டர் போடலாமுங்களா?

வேண்டாம். சிக்னல வாங்கி பெருசாக்கி திருப்பி உடற டப்பாவ லைசென்ஸ் இல்லாம வெக்கறது சட்டப்படி குத்தம், ஆன்லைன்ல விக்கறாங்கங்கறதுக்காக சரியாயிராது. அது டவரையே கலக்கி உங்க ஊரு பூராவுக்கும் நெட்ட கெடுக்கும், அதிகாரிங்க மீட்டரோட வந்து நேரா உங்க ஊட்டு வாசல்ல நிப்பாங்க. ரவுட்டருக்கு வெளி ஆன்டெனா மாட்டறது வேற, அதுல தனியா பெருசாக்கற சமாச்சாரம் எதுவுமில்ல.

பைப்பு நட்ட அன்னைக்கே எர்த் பண்ணிருங்க, தென்னந்தோப்பு நடுவுல ஒசரமா ஒரு இரும்பு பைப்பு நின்னா இடிக்கு அதுவும் ஒரு எலக்கு. கருமேகம் கூடுச்சுன்னா ரவுட்டர் ப்ளக்க புடுங்கி, கேபிளையும் கழட்டி தள்ளி வெச்சிருங்க. கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு கேபிள்லயும் வெள்ள டேப் ஒட்டி மெயின், ஆக்ஸ்னு பேனால எழுதிருங்க, இல்லீன்னா அடுத்த நாளு மாத்தி மாட்டிட்டு புதுசா ஒரு கோளாறு வந்துருச்சுன்னு தேடிட்டு இருப்பீங்க.